பியூலா வீட்டு சைட்போர்டு

பூதிகோட்டையில் ராஜப்பாவின் வீட்டுக் கூடத்தில் யசோதரா முழங்காலிட்டு அந்தப் பழைய பஃபே அலமாரியின் கீழ்க்கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து ராகி வாசனை வந்தது. சாப்பாட்டு அறையில் தட்டும் கோப்பையும் அடுக்குவதற்காக எந்தக் காலத்திலோ எந்த வெள்ளைக்காரனோ செய்துகொண்டது. இடுப்பளவு உயரம், ஆள் நீளம், மேலே இரண்டு இழுப்பறை, கீழே இரண்டு கதவு. தங்கச் சுரங்கத்து துரைகள் ஊரைவிட்டுப் போனபோது தன் தாத்தா ஏலத்தில் எடுத்து மாட்டுவண்டியில் கொண்டுவந்ததாக ராஜப்பா சொன்னார். அன்றிலிருந்து அதில் விதை ராகியும் கடலைக்காயும்தான் இருந்திருக்கிறது. யசோதரா ஓர் இழுப்பறையை முழுதாக உருவி எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மூலைகளில் விரல்களைக் கோத்ததுபோல மரத்தோடு மரத்தைக் கோத்திருந்தார்கள். ஓர் ஆணி இல்லை. பின்பக்கத்துக் கால் ஒன்று மட்டும் வேறு மரம், பலா போலிருந்தது. எப்போதோ ஒடிந்து ஊர் ஆசாரி போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

"பர்மா தேக்கு மேடம்," என்றார் டென்சில். "இந்த மாதிரி சரக்கு இனிமே வராது. கால் ஒண்ணுதான் டூப்ளிகேட். செவுத்துப் பக்கம் போயிடும், யாருக்கும் தெரியாது."

டென்சில் அறுபதைத் தாண்டியவர். சுரங்கம் மூடியபின் பழைய பங்களாக்களின் சாமான்களைப் பெங்களூர்க் கடைகளுக்குக் கைமாற்றிவிடுவதுதான் அவர் தொழில். கடந்த இரண்டு மாதத்தில் அவர் அவளுக்குக் காட்டியவற்றில் இது நான்காவது. பங்காருப்பேட்டையில் பார்த்தது பழசுபோலச் சாயம் பூசிய புதுசு, முதுகில் பிளைவுட். ஆண்டர்சன்பேட்டையில் பார்த்ததில் செதுக்கல் அதிகம், இடம் குறைவு. மூன்றாவதில் செல் அரித்திருந்தது. யசோதரா தினமும் ரயிலில் பெங்களூர் போய்வருகிறவள், அங்கே ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தரம் பார்க்கும் சூப்பர்வைசர். இருபத்தெட்டு வருஷமாகச் சட்டைத் தையலில் ஓடிப்போன ஒரு நூலைத் தேடிப் பழகிய கண். அந்தக் கண்ணுக்குக் குறை தெரியாத சாமான் உலகத்தில் இல்லை என்பது அவள் புருஷன் ராகுலனின் எண்ணம்.

"எல்லாத்தையும் கொற சொல்லிகினே போனா எப்போதான் வாங்கறது?" என்றான் ராகுலன். "இது நல்லாதான கீது."

"நல்லாத்தான் கீது," என்றாள் அவள். இழுப்பறையை அதன் இடத்தில் வைத்துத் தள்ளினாள். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. பிறகு எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, டென்சிலிடம் முதல் நாளிலிருந்து கேட்டுவருகிற கேள்வியை மறுபடியும் கேட்டாள். "சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துப் பக்கம் பங்களா ஏதும் காலி பண்றாங்களா?"

டென்சில் இந்தத் தடவை உடனே இல்லையென்று சொல்லவில்லை. செல்போனை எடுத்துத் தேய்த்து ஒரு படத்தைக் காட்டினார். "நேத்துதான் சேதி வந்துச்சு. நோயல் சார் வீடு. அவர் போயி ஆறு வருஷம் ஆச்சி. பியூலா மேடம் மட்டும்தான் இருந்தாங்க. பொண்ணு ரெபேக்கா ஆஸ்திரேலியால. அம்மாவ ஒயிட்பீல்டுல முதியோர் ஹோம்ல சேர்க்கறாங்க. எல்லாம் வித்தாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி. ஆனா அந்தம்மா வர்றவன எல்லாம் தொரத்தி விடுது."

படத்தில் ரோஸ்வுட் சைட்போர்டு ஒன்று இருந்தது. மேலே வெள்ளைச் சலவைக்கல் பலகை, பின்னால் ஓரம் இழைத்த கண்ணாடி, மூன்று இழுப்பறைகள், கதவுகளில் திராட்சைக் குலை. யசோதரா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அதன் இடது ஓர இழுப்பறையின் பூட்டுத் துவாரத்தைச் சுற்றியிருக்கும் பித்தளைத் தகட்டில் எத்தனை ஆணி என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

"இதப் பாக்கணும்," என்றாள்.

சுரங்கத்து ஊரிலேயே அவர்கள் புதிதாகக் கட்டிய வீட்டில் சாப்பாட்டு அறை தனியாக இருந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து, அதே அறையில் சமைத்து, தின்று, படுத்து வளர்ந்த இரண்டு பேர் கட்டிய வீட்டில் அப்படியொரு அறை எதற்கென்று ராகுலனின் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். பௌர்ணமி புத்த வந்தனத்துக்கு வருகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டாமா என்று அவள் சொன்னாள். எட்டுப் பேர் உட்காரும் மேஜை போட்டாயிற்று. ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவரை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். வரைபடம் போட்ட இன்ஜினியரிடம் அந்தச் சுவர் ஆறரை அடிக்குக் குறையக் கூடாது என்று அவள் சொன்னபோது ராகுலன் பக்கத்தில்தான் இருந்தான். ஏன் ஆறரை என்று அவன் கேட்கவில்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மா ரத்தினம் நோயல் துரை வீட்டில் சமையல்காரி. யசோதரா எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் வகுப்பில் தேறினாள். அந்த லைனில் அந்த வருஷம் அப்படித் தேறியது இரண்டே பேர். மிஷன் ஆஸ்பத்திரி நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கித் தந்ததே பியூலா மேடம்தான். அவளை எதிரில் உட்காரவைத்து, அவள் கையாலேயே நிரப்பச் சொல்லி, மார்க் கார்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். பாதிரியார் கையெழுத்தோடு தானே அனுப்புவதாகச் சொன்னாள். ஜூனில் ரெபேக்கா பிரசவத்துக்கு வந்தாள். ஜூலையில் மேடம், "இந்த வருஷம் சீட் இல்லையாம் ரத்தினம். கார்டு அங்கேயே இருக்கட்டும். அடுத்த வருஷம் பாக்கலாம். அதுவரைக்கும் பொண்ணு சும்மாதானே இருக்கு, இங்க வரட்டும்" என்றாள். யசோதரா வந்தாள். பிள்ளைத்துணி துவைத்தாள், வெந்நீர் போட்டாள், ரெபேக்காவுக்குக் கால் பிடித்துவிட்டாள். பதினோரு மாதம்.

அந்தக் குழந்தையின் முதல் பிறந்தநாள் விருந்தன்று, ஆட்கள் மேஜையில் உட்கார்ந்தபின், பரிமாறும் கரண்டி போதவில்லை என்று மேடம் அவசரத்தில் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டாள். இடது ஓர இழுப்பறை. கரண்டிகளுக்கு அடியில் விரித்திருந்த பச்சைத் துணி ஒரு மூலையில் மேடாக இருந்தது. தூக்கிப் பார்த்தாள். விண்ணப்பம் அவள் எழுதினபடியே இருந்தது. அதன் நடுவில் மார்க் கார்டு, மடிப்புக்கூடக் கலையாமல். அவள் அதை எடுத்துத் தாவணிக்குள் செருகிக்கொண்டு, கரண்டிகளைக் கொண்டுபோய், கடைசி ஆள் கைகழுவும் வரை பரிமாறிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ரத்தினம் அந்தக் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ஏன் மேடம் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். பியூலா மேடம் இழுப்பறையைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, வெள்ளி ஸ்பூன் ஒன்றைக் காணோம் என்றாள். பெருக்குகிற கங்கம்மாவைக் கூப்பிட்டு, பின்கட்டில் தோட்டக்காரனும் பக்கத்து பங்களா ஆயாவும் பார்த்திருக்க, ரத்தினத்தின் முந்தானையை உதறச் சொன்னாள். சுருக்குப் பையைக் கவிழ்க்கச் சொன்னாள். வெற்றிலைதான் விழுந்தது. இருந்தும் சாயந்திரத்துக்குள் லைன் முழுக்க ரத்தினம் கைவைத்தவள் என்றாகிவிட்டது. எந்த பங்களாவிலும் பிறகு வேலை கிடைக்கவில்லை. திருட்டுப் பேர் வாங்கிய வீட்டுப் பெண்ணுக்கு நன்னடத்தைக் கடிதம் தர எந்தப் பாதிரியாரும் இல்லை. ரத்தினம் சுரங்க ஷாப்ட் வாசலில் ஷிப்ட் விடும் நேரத்துக்கு இட்லி விற்றாள். மகள் தையல் பழகி பெங்களூர் வண்டி ஏறினாள். அதற்குப்பின் சாகிற வரைக்கும் ரத்தினம் யார் வீட்டுக்குப் போனாலும், கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும், கிளம்பும்போது வாசலில் நின்று முந்தானையை ஒருமுறை உதறிவிட்டுத்தான் வருவாள். யாரும் கேட்காமலே.

பூதிகோட்டைக்குப் போய்வந்த மறுநாள் பகல் பதினொரு மணிக்கு யசோதரா டென்சிலோடு அந்த வீட்டுக்குப் போனாள். நல்ல பட்டுப் புடவையாக இல்லாமல், விலை தெரிகிற பருத்திப் புடவையாகப் பார்த்துக் கட்டியிருந்தாள். பியூலாவுக்கு எண்பது இருக்கும். நைட்டிமேல் ஸ்வெட்டர் போட்டு, நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்தபடி வந்து கதவைத் திறந்தாள். அடையாளம் தெரியவில்லை. வீட்டில் எங்கும் கட்டிவைத்த அட்டைப்பெட்டிகள். சாப்பாட்டு அறையில் மேஜைகூட இல்லை. அந்த சைட்போர்டு மட்டும் சுவரை ஒட்டி நின்றது. யசோதராவின் நினைவிலிருந்ததைவிடச் சின்னது. ஆனால் அழகு, அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. மரத்தின் கறுப்பு வரிகள் தண்ணீருக்கடியில் தெரிவதுபோலத் தெரிந்தன.

"போன வாரம் பெங்களூர்லேருந்து ஒருத்தன் வந்தான்," என்றாள் பியூலா. "மேல் பாகத்தை வெட்டிட்டு வாஷ்பேசினுக்கு அடியில வெப்பேன்னான். போடான்னு அனுப்பிட்டேன். ரெபேக்கா போன்ல கத்தறா, குடுத்துத் தொலைன்னு. நான் போற எடத்துல ஒரு கட்டில், ஒரு பீரோ, அவ்வளவுதான் வெக்கலாமாம். அதுக்காக யாருக்கு வேணா குடுத்துட முடியுமா? உங்க வீட்ல டைனிங் ரூம் தனியா இருக்காம்மா?"

"இருக்குங்க."

"எத்தனை பேர் உக்காரலாம்?"

"எட்டு பேரு."

பியூலாவுக்கு முகம் மலர்ந்தது. சலவைக்கல்லை உள்ளங்கையால் தடவினாள். சனிக்கிழமை தவறாமல் தான் துடைத்துவந்தது, நோயல் கல்யாணமான வருஷம் ஏலத்தில் பிடித்துத் தந்தது, கதவுக் கீலுக்கு எந்த எண்ணெய் விட வேண்டும் என்பது எல்லாம் சொன்னாள். யசோதரா கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தாள், மூடினாள், இழுப்பறைகளை இழுத்துப் பார்த்தாள். இடது ஓரத்தை மட்டும் தொடவில்லை. வாங்க வந்தவள் பார்க்கிற அக்கறை பியூலாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். கட்டாமல் மிச்சம் வைத்திருந்த ரோஜாப்பூ போட்ட கோப்பை. அந்தக் கோப்பைகளை யசோதரா நூறு தடவை கழுவியிருக்கிறாள். ஒரு தடவையும் அதில் குடித்ததில்லை. மெதுவாக, முழுதாகக் குடித்தாள்.

"நீங்க யார் வீட்டுப் பொண்ணு? இந்த ஊரா?" என்றாள் பியூலா.

"இந்த ஊர்தான். எங்கம்மா இந்த வீட்லதான் சமைச்சாங்க. ரத்தினம்."

கல்லின்மேலிருந்த கை நின்றது. டென்சில் வராந்தாவில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். யசோதரா முப்பது வருஷமாக மனசுக்குள் இந்த இடத்துக்கு வந்து வந்து போயிருக்கிறாள். பியூலா எந்த ரத்தினம் என்று கேட்பாள் என்று நினைத்ததுண்டு. ஞாபகமில்லை என்பாள், அழுவாள், கோபப்படுவாள் என்றெல்லாம் நினைத்ததுண்டு. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. பெங்களூர் வண்டியில் உட்கார இடம் கிடைக்காத காலைகளில் நின்றபடியே தயாரித்த பதில்கள்.

"அப்புறம் நர்ஸுக்குப் படிச்சியா நீ?" என்று கேட்டாள் பியூலா.

யசோதரா காலிக் கோப்பையைக் கையில் திருப்பினாள். "இல்ல," என்றாள். "கார்மென்ட்ஸ்."

"ரெபேக்காவுக்கு அப்போ ஒடம்பு ரொம்ப மோசம். எனக்கு முதுகு போச்சு. ஒரு வருஷம்தானேன்னு நெனச்சேன். அடுத்த வருஷம் எடுத்து அனுப்பியிருப்பேன்." பியூலா சுவரைப் பார்த்துப் பேசினாள். "அனுப்பியிருப்பேனான்னு இப்போ கேட்டா தெரியல."

"அந்த ஸ்பூன்?"

பியூலா ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தாள்.

"ஞாயித்துக்கெழம கங்கம்மாவ இங்க கூட்டிகினு வரேன்," என்றாள் யசோதரா. "அவங்க கையாலதான எங்கம்மா முந்தானைய ஒதற வெச்சீங்க. அவங்க முன்னாடி சொல்லுங்க. கார்டு எங்க இருந்துச்சு, ஸ்பூன் போச்சா இல்லையான்னு. அதுக்கப்புறம் சைட்போர்டு பத்திப் பேசலாம்."

"அவ வாய் சும்மா இருக்காது. சர்ச் வரைக்கும் போகும்."

"போகட்டும்."

"திங்கக்கெழமை என்னைக் கூட்டிட்டுப் போக வண்டி வருது. இதை அப்படியே வேணா எடுத்துக்கோ. ஒண்ணும் குடுக்க வேணாம். சும்மா எடுத்துட்டுப் போ."

"சும்மா எதுவும் எங்களுக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டு யசோதரா கோப்பையைக் கழுவாமல் கல்லின்மேல் வைத்துவிட்டு வந்தாள்.

ராகுலனிடம் அன்றைக்குத்தான் முழுவதும் சொன்னாள். அவன் மாமியாரைப் பற்றிய பேச்சு அவன் காதுக்கும் வந்ததுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவன் அத்தை ஒருத்தி, பொண்ணோட அம்மாவுக்கு ஒரு பேரு கீதே என்று இழுத்ததுண்டு. கார்டு விஷயம் அவனுக்குத் தெரியாது. முழுதும் கேட்டபின் சொன்னான். "எம்பது வயசு, யசோ. ஊன்றுகோல் புடிச்சிகினு நிக்குது. இனிமே அத்த இன்னா பண்ணப் போற?"

"எங்கம்மாவுக்கு அப்போ நாப்பத்திரண்டு," என்றாள் அவள். "ஊன்றுகோல் கூட கெடையாது."

அந்த வாரம் முழுவதும் யசோதரா சந்தோஷமாக இருந்தாள். அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. காலை வண்டியில் பக்கத்துப் பெண்கள் கேட்டார்கள், வீட்டில் என்ன விசேஷமென்று. சுவரை மறுபடி அளந்தாள். சைட்போர்டை வைத்து அதன்மேல் அம்மாவின் படத்தை மாட்டுவதென்று முடிவு செய்தாள். மாலையெல்லாம் வேண்டாம், சும்மா படம். அந்தப் பக்கம் அம்பேத்கர், இந்தப் பக்கம் ரத்தினம். வருகிறவர்கள் எல்லாம் இது எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை கங்கம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். கங்கம்மாவுக்கும் எழுபதுக்கு மேலிருக்கும். தெலுங்கு வீட்டுப் பெண். சாம்பியன் ரீப்ஸில் கடைசி லைனில் தனியாக இருந்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை ரேஷன் கடையிலும் ஸ்டேஷனிலும் பார்த்து, நல்லாக் கீறியா என்று கேட்டுக்கொண்டவர்கள்தான். யசோதராவுக்கு அவள்மேல் கோபமில்லை. சொன்னதைச் செய்தவள், அவ்வளவுதானே என்று வைத்திருந்தாள். எதற்குக் கூப்பிடுகிறாய் என்று கங்கம்மா கேட்கவில்லை. பழைய மேடத்தைப் பார்க்கப் போகிறோம் என்று தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தாள்.

பியூலா சர்ச்சிலிருந்து வந்த புடவையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். சைட்போர்டைக் காலி செய்து வைத்திருந்தாள். மூன்று இழுப்பறைகளும் திறந்திருந்தன. பச்சைத் துணிகூட இல்லை. கங்கம்மா வழக்கம்போலத் தரையில் உட்காரப் போனாள். யசோதரா ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துப்போட்டு அதன்மேல் உட்காரவைத்தாள்.

"கங்கம்மா," என்றாள் பியூலா. பள்ளியில் ஒப்பிக்கிறவள்போல நிமிர்ந்து கைகளை மடியில் வைத்திருந்தாள். "ரத்தினம் எதையும் எடுக்கல. ஸ்பூன் எதுவும் காணாமப் போகல. இவளோட மார்க் கார்டு என்கிட்ட இருந்தது. நான்தான் அனுப்பாம வெச்சிருந்தேன். அதைக் கேக்க வந்தா. எனக்கு வேற வழி தெரியல, அதனால ஸ்பூன்னு சொன்னேன்."

யசோதரா கங்கம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்காகத்தான் காத்திருந்தது. அந்த முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கங்கம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியுமே," என்றாள்.

"இன்னா தெரியும்?"

"ரத்தினம் கையில கார்டு இருந்துச்சே. நா படிக்காதவதான். ஸ்கூல் சீல் தெரியாதா எனக்கு? ஸ்பூனுங்கள மொத நாள் சாயந்திரம் கழுவித் தொடச்சி எண்ணி வெச்சதே நாந்தானே. எல்லாம் சரியா இருந்துச்சு."

"தெரிஞ்சிகினா ஒதறுன?"

"ஒதறச் சொன்னாங்க." கங்கம்மா பியூலாவைப் பார்க்கவுமில்லை, யசோதராவைப் பார்க்கவுமில்லை. "ஒதறலன்னா நானும் வெளிய. ஒதறுனேன், உங்கம்மா வேல எனக்குக் கெடச்சுது. பெருக்கறவ சமையல்காரி ஆனேன். அந்த வேலையிலதான் ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுத்தேன். இப்ப கேட்டா நா இன்னா சொல்றது?"

வெளியே வேப்பமரத்தில் காக்கைகள் இரைந்தன. லைனில் திருட்டுப் பேச்சைக் கொண்டுபோனது யார் என்று யசோதரா ஒருநாளும் தனியாக யோசித்ததில்லை. பேச்சு தானாகவே பரவும் என்று நினைத்திருந்தாள். ரேஷன் வரிசையில் இந்தக் கங்கம்மாவுக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தது ஞாபகம் வந்தது. அம்மா செத்தபோது முதல் ஆளாக வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுததும் இவள்தான்.

பியூலா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். சொல்லி முடித்ததில் அவளுக்கு ஒரு தெம்பு வந்திருந்தது. "சரி, ஆச்சு," என்றாள். "டென்சில்கிட்ட சொல்லி ஆளுங்களை வரச் சொல்லு. கல்லைத் தனியா கழட்டிட்டுத்தான் தூக்கணும், இல்லன்னா ஒடஞ்சிடும். வெயில் படற எடத்துல வெக்காத. நல்லா வெச்சிக்கோ."

அந்தக் குரல் யசோதராவுக்குத் தெரிந்த குரல். வெந்நீர் போடு, துணியை நிழலில் காயப்போடு என்று சொன்ன குரல். அது வரைக்கும் அவள் வாங்குகிற எண்ணத்தோடுதான் இருந்தாள். சைட்போர்டின் அருகே போனாள். இடது ஓர இழுப்பறையை முதல்முறையாகத் தொட்டு, வெளியே இழுத்து, உள்ளே தள்ளினாள். கதவுகளைச் சேர்த்து மூடிப் பார்த்தாள். ஒன்று மற்றதைவிட ஒரு நூல் தாழ்ந்திருந்தது. சட்டைகளை ஒதுக்கித் தள்ளும்போது மேஜைக்கு அந்தப் பக்கமிருக்கிற தையல்காரியிடம் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"கதவு எறங்கியிருக்கு. எனக்கு இது வேணாம்."

பியூலாவுக்குப் புரியக் கொஞ்சநேரம் ஆயிற்று. "நான் சொன்னேனே," என்றாள். "நீ கேட்ட மாதிரி இவ முன்னாடி சொன்னேனே."

"சொன்னீங்க. அப்புறம் பேசலாம்னு நா சொன்னேன். பேசிட்டேன்."

"நாளைக்கு வண்டி வருது எனக்கு. இனிமே யார் வருவாங்க? மரக்கடைக்காரன் வந்து ஒடச்சுதான் எடுத்துட்டுப் போவான்."

"ஆமா," என்றாள் யசோதரா.

எண்பது வயதுப் பெண்மணி அந்தக் கல்லின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் யசோதராவுக்கு எப்படி இருந்திருக்குமோ. கங்கம்மா அட்டைப்பெட்டியின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளை ஆட்டோவில் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும் என்பது யசோதராவுக்கு நினைவிருந்தது. விடவில்லை. தனியாக நடந்து வீட்டுக்குப் போனாள். வழியில் டென்சிலைக் கூப்பிட்டு, பூதிகோட்டைச் சாமானை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"அந்த கால் டூப்ளிகேட்டா?"

"அதுதான். கால மாத்த வேணாம். அப்டியே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை அது வந்தது. ராகி வாசனை போக மூன்று நாள் கதவைத் திறந்து வைத்தார்கள், போகவில்லை. போகாவிட்டால் பரவாயில்லை என்று ராகுலன் சொன்னான். தட்டுகளை அடுக்கினாள். அம்மாவின் படத்தை மாட்டினாள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் பியூலா கல்லின்மேல் கை ஊன்றி நின்றது கண்ணுக்கு முன் வந்தது. அது வரும்போது அவளுக்குச் சோறு ருசித்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமும் மறுக்கவில்லை. ஒருநாள், இரண்டு நாள் அல்ல, பத்து நாளைக்கு மேல் ருசித்தது. கங்கம்மாவின் முகம் வருகிறபோதுதான் கை நின்றது. அவளை என்ன செய்வதென்று யசோதராவுக்குத் தெரியவில்லை. அவளிடம் பறிக்க எதுவுமே இல்லை. ஸ்டேஷனுக்குக் கங்கம்மாவின் லைன் வழியாகப் போவதை மட்டும் நிறுத்திவிட்டு, சுற்றுவழியில் போனாள்.

ஒரு மாதம் கழித்து அந்தச் சுற்றுவழியில் குழாய் போட ரோட்டைத் தோண்டிப்போட்டார்கள். காலை வண்டிக்கு நேரமாகிவிட்டது. யசோதரா பையை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசி லைனுக்குள் நுழைந்தாள். அப்போதுதான் விடிந்திருந்தது. கங்கம்மாவின் வீட்டுக்கு வெளியே, சந்தில் பாதியை அடைத்துக்கொண்டு, பழைய தேர்தல் பேனர் போர்த்திய ஏதோ ஒன்று நின்றது. அருகே போனபின்தான் திராட்சைக் குலை தெரிந்தது. பத்தடி வீட்டுக்குள் அது நுழைந்திருக்காது. கண்ணாடியைக் காணோம். சலவைக்கல்லின்மேல் இரண்டு பிளாஸ்டிக் குடங்களும், ஒரு முறத்தில் காய்ந்த மிளகாயும். கீழ்க்கதவு ஒன்று கழற்றப்பட்டு, அந்த இடத்தில் கம்பிவலை அடித்திருந்தது. வலைக்கு உள்ளே இரண்டு கோழிகள்.

கங்கம்மா குந்தி உட்கார்ந்து வலையைத் தூக்கி உள்ளே கையை விட்டுக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

"அந்தம்மாவே எடுத்துக்கோன்னுச்சு," என்றாள், யாரோ கேட்டதுபோல. "மரக்கடைக்காரன் கோடாலியோட வந்துட்டான். வண்டியில ஏறி ஒக்காந்துகினு கெளம்ப மாட்டேன்னு நின்னுச்சு, கங்கம்மா இத்த தூக்கினு போனாத்தான் வண்டிக் கதவ மூடுவேன்னு. லைன் ஆளுங்க ஆறு பேரு தூக்கினாங்க."

யசோதரா நின்றாள். நிற்க நேரமில்லை. தூரத்தில், மாரிக்குப்பம் பக்கம், வண்டி ஊதியது.

கங்கம்மா உள்ளேயிருந்து கையை எடுத்தாள். எழுந்து, இடுப்பைப் பிடித்தபடி இரண்டு எட்டு வந்து, யசோதராவின் கையை இழுத்து விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் ஒரு முட்டையை வைத்தாள். "இப்பதான் போட்டுச்சு," என்றாள். "போ. வண்டி வந்துடும்."

யசோதரா ஓடினாள். ஸ்டேஷன் வரைக்கும் ஒரு கையில் பையும் ஒரு கையில் முட்டையுமாக ஓடினாள். தண்டவாள ஓரத்தில், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடு மஞ்சளாகத் தெரிந்தது. அங்கே எறிந்துவிடலாம் என்று ஒருமுறை கையை ஓங்கவும் செய்தாள். வண்டி வந்து நின்றுவிட்டது. பெண்கள் தள்ளி ஏற்றிவிட்டார்கள். உட்கார இடமில்லை. மேலே கம்பியை ஒரு கையால் பிடித்து, மற்றக் கையை நெரிசலில் இடிபடாமல் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். என்னக்கா கையில, என்று யாரோ கேட்டார்கள். வண்டி குலுங்கிக் கிளம்பியது. மூடிய விரல்களுக்குள் அது இன்னும் சூடாக இருந்தது.